உளவியல் பாதுகாப்பு

உளவியல் பாதுகாப்பு என்பது, தம் ஐயத்தையோ பிழையையோ மாற்றுக் கருத்தையோ வெளிப்படுத்துவதால் தாம் இழிவுபடுத்தப்படவோ தண்டிக்கப்படவோ மாட்டோம் என ஒரு குழுவினர் கொண்டுள்ள நம்பிக்கை ஆகும். பணியிட வழிகாட்டலில், குறிப்பாகக் குறைகளைப் பற்றிப் பேசவேண்டிய கடினமான உரையாடல்களில், இது அடிப்படைத் தேவையாகக் கருதப்படுகின்றது.

வரலாறு

எட்கர் சைன், வாரன் பென்னிஸ் ஆகியோர் 1965 இல் நிறுவன மாற்றம் பற்றி எழுதியபோது இக்கருத்தை எடுத்தாண்டனர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1999 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதனைக் குழுக்களின் பண்பாக வரையறுத்தது. முன்னதாக மருத்துவமனைகளில் அவர் மேற்கொண்ட ஆய்வில், நன்கு இயங்கிய குழுக்களிலேயே மருந்து வழங்கலில் நேர்ந்த பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அக்குழுவினர் பிழைகளை மறைக்காமல் கூறியதே இதற்குக் காரணமாகலாம் என அவர் விளக்கினார்.

தர மேலாண்மையில்

அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் வகுத்த 14 கொள்கைகளுள் எட்டாவது, பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்றுவதாகும். அவர் பெயரால் சப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை, சென்னையின் மேற்கே அம்பத்தூரை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998 இல் பெற்றது. இந்தியாவில் இப்பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் இதுவே. பாடியிலுள்ள சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001 இலும், லூகாஸ்-டிவிஎஸ் 2004 இலும் இப்பரிசைப் பெற்றன. முழுமைத் தர மேலாண்மை முறையில், குறையை அது தோன்றும் இடத்திலேயே தொழிலாளர் சுட்டிக்காட்டவேண்டும். பிரேக் போன்ற பாகத்தில் அச்சத்தால் மறைக்கப்படும் சிறு குறையும் சாலையில் உயிரிழப்புக்கு இட்டுச்செல்லக்கூடும்.

வழிகாட்டல் உரையாடலில்

மேலதிகாரியின் முன் "சரிங்க சார்" என்று கூறுவது எப்போதும் உடன்பாட்டைக் குறிப்பதில்லை. பேச்சை விரைவில் முடித்துக்கொள்ளும் வழியாகவும் அது அமையலாம். எனவே வழிகாட்டுபவர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

* உரையாடலின் நோக்கத்தையும், பேசப்படுபவற்றுள் எவை பிறருக்குத் தெரிவிக்கப்படும் என்பதையும் முதலிலேயே கூறுதல்.
* பிறர் முன்னிலையில் அன்றித் தனியே பேசுதல்.
* ஆளைக் குறைகூறாது, நிகழ்ந்ததை மட்டும் எடுத்துரைத்தல்.
* தம் முடிவைச் சொல்லுமுன் மற்றவர் தரப்பைக் கேட்டல்.
* தம் பிழைகளையும் ஒப்புக்கொள்ளல்.
* பிழையைத் தாமே முன்வந்து கூறியவருக்கு நன்றி தெரிவித்தல்.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது முதன்மையானது. உண்மையைக் கூறிய ஒருவர் ஒருமுறை கடிந்துகொள்ளப்பட்டால், அதனைக் கண்ட பிறரும் பேசத் தயங்குவர்.

தவறான புரிதல்

உளவியல் பாதுகாப்பு என்பது கண்டிப்பின்மையோ எல்லாவற்றையும் பாராட்டுவதோ அன்று. உயர்ந்த தரத்தை எதிர்பார்ப்பதும் அச்சமின்றிப் பேச இடமளிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் சேர்ந்த இடத்திலேயே கற்றல் நிகழ்கின்றது.