வெல்வெட் உடுப்பும் விவியனின் பெயரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் இங்கிலாந்தின் வசதி படைத்த இல்லங்களில் விருந்து நடந்தால், ஆறேழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கறுப்பு வெல்வெட் உடுப்பில் காணலாம். இடுப்பளவு மேற்சட்டை, முழங்காலோடு நின்றுவிடும் காற்சட்டை, தோள்களில் படர்ந்த வெண்ணிற லேஸ் கழுத்துப்பட்டை, இடையில் பட்டுக்கச்சை. அந்த உடுப்பு யாருக்காகத் தைக்கப்பட்டது? அணிந்தவனுக்காக அன்று என்பதே என் எண்ணம்.

ஆண் குழந்தைகளும் சில ஆண்டுகள் பாவாடைச் சட்டையே அணிந்திருந்த காலம் அது. காற்சட்டைக்கு மாறும் நாள் குடும்பத்தில் ஒரு சடங்கு போன்றது. அந்நாளுக்கான அழகைத் தாய்மார்கள் பழைய ஓவியங்களில் தேடினர். 1770-இல் கெயின்ஸ்பரோ காட்சிக்கு வைத்த 'நீலச் சிறுவன்' ஓவியத்தில் இருப்பதே அதற்கும் நூறாண்டுக்கு மேல் முந்திய வான் டைக் காலத்துக் கோலம். 1882-இல் ஆஸ்கார் வைல்டு வெல்வெட் மேலங்கியும் முழங்கால் காற்சட்டையும் அணிந்து அமெரிக்க மேடைகளில் உரையாற்றினார்.

இவற்றுக்கெல்லாம் ஒரு பெயர் கிடைத்தது கதையொன்றால். மான்செஸ்டரில் 1849-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிரான்செஸ் ஹாட்ஜ்சன் பர்னெட், 'லிட்டில் லார்டு ஃபாண்ட்லராய்' கதையை 1885 நவம்பர் முதல் 'செயின்ட் நிக்கோலஸ்' இதழில் தொடராக எழுதினார்; மறு ஆண்டே அது நூலாயிற்று. தம் இளைய மகன் விவியனுக்கு அவர் அணிவித்து மகிழ்ந்த கோலமே கதைச் சிறுவனுக்கும் வாய்த்தது. விவியனின் புகைப்படம் ஓவியர் ரெஜினால்டு பர்ச்சுக்கு மாதிரியாயிற்று. கதையில் உடையைப் பற்றிய சொற்கள் சிலவே. ஊரெங்கும் பரவியது சித்திரம். எழுத்தாளர்களாகிய நமக்கு இது சற்றே உறைக்கும் செய்தி!

தையற்காரருக்கோ வெல்வெட் எளிதில் பணியாத துணி. அதன் மயிரிழைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். கீழிருந்து மேலாக இழை ஓடும்படி வெட்டினால் கறுப்பு ஆழமாகத் தெரியும். மேலிருந்து கீழாக ஓடினால் வெளிறும். எனவே எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்தே வெட்ட வேண்டும். ஒரு கை மட்டும் திசை மாறினால் ஒரே உடுப்பில் இரு நிறம் தோன்றும். தைக்கும்போது இரு துணிகளும் ஒன்றன்மீதொன்று நழுவும். நெருக்கமாக நூலோட்டிய பின்னரே தையல். இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் இழை நசுங்கிவிடும்; துணியைக் குப்புறப் போட்டு ஆவி காட்ட வேண்டும். பட்டு வெல்வெட்டுக்கு வசதியில்லாதோர் பருத்தி வெல்வெட்டீனை வாங்கினர். அதன் இழைகளை நீண்ட மெல்லிய கத்தியால் கையாலேயே கீறிவிட்ட தொழிலாளர்கள் பர்னெட் பிறந்த மான்செஸ்டர் வட்டாரத்தினர்தாம்.

உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம் நசுங்கிப் பளபளக்கும். தண்ணீர் பட்டால் கறை நிற்கும். ஆகவே இவ்வுடுப்பில் சிறுவன் செய்யத்தக்கது ஒன்றே: நிற்பது.

மில்லே என்னும் ஓவியர் தம் பேரனை வெல்வெட் உடுப்பில், சோப்புக் குமிழி ஊதும் கோலத்தில் வரைந்தார். 1886-இல் முதன்முதலாகக் காட்சிக்கு வந்த அப்படம் பின்னர் பியர்ஸ் சோப்பின் விளம்பரமாயிற்று. அந்தப் பேரன் வில்லியம் ஜேம்ஸ் பிற்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரலாக உயர்ந்தார். கப்பல்களை ஆண்ட பிறகும் 'பபிள்ஸ்' என்ற பட்டப்பெயர் அவரை விடவில்லை.

விவியனையும் ஃபாண்ட்லராய் விடவில்லை. வளர்ந்து மணம் புரிந்தார். 1927-இல் தாயின் வரலாற்றைத் தாமே நூலாக எழுதினார். 1937-இல், தமது 61-ஆம் வயதில், அமெரிக்காவின் லாங் ஐலண்டு கடற்பகுதியில் படகு கவிழ்ந்து தத்தளித்த நால்வரைக் காப்பாற்ற உதவிவிட்டுத் தம் படகிலேயே உயிர் நீத்தார். மறுநாள் நாளேடுகள் அவரை உலகுக்கு அடையாளம் காட்டியது ஃபாண்ட்லராய் என்ற அந்தப் பெயரைச் சொல்லித்தான்.