அடிபடாத எதிரி

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வாளைத் தொட்டே பாராமல் நூறு வாட்போர்களை நடத்தி முடித்துவிடலாம். நானும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எத்தனையோ வீரர்களை வீழ்த்தியவன்தான். ஆனால் சென்ற மாதம் என் மருமான் வீட்டில் நானே களத்தில் இறங்க நேர்ந்தது. அவன் ஒரு கறுப்புக் கண்ணாடியை என் கண்களின்மேல் மாட்டி, கைக்கொன்றாக இரண்டு பிடிகளைக் கொடுத்தான். மறுகணம் கூடம் மறைந்தது. எதிரே உருவிய வாளோடு ஒருவன் நின்றான்! வீசினேன், விழுந்தான். மறுபடி வீசினேன். என் கை புத்தக அலமாரியில் மோதியது.

"மாமா, அவனை நிஜமென்றே நினைத்துவிட்டீர்களே!" என்று மருமான் சிரித்தான்.

வீங்கிய விரலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே யோசித்தேன். எனக்கு வலித்தது, எதிரிக்கு வலிக்கவில்லை. போர்க்கலைகளின் சரித்திரத்தில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது.

சங்கீதம் கற்கிறவன் பாடிப் பாடிக் கற்கலாம். கொல்லும் வித்தையைக் கொன்று கொன்று கற்க முடியுமா? முதல் பாடத்திலேயே பாதிப் பள்ளிக்கூடம் காலியாகிவிடுமே! ஆகையால் பொய்யான எதிரி ஒருவன் தேவைப்பட்டான். ரோமாபுரிச் சேனையில் அவன் ஒரு மரக்கம்பம். ஆறடி உயரத்துக்கு நட்ட கம்பத்தை, வழக்கமான ஆயுதத்தைவிட இரு மடங்கு எடையுள்ள மர வாளால் புது வீரர்கள் தாக்கிப் பழகினார்கள் என்று வெகேட்டியஸ் என்ற ரோமானிய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். கம்பம் மகா பொறுமைசாலி. ஆனால் திருப்பி அடிக்காது.

ஜப்பானில் வேறு வழி கண்டார்கள். இவர் இப்படி வெட்ட வேண்டும், அவர் இப்படித் தடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த அசைவுகளுக்குக் 'கதா' என்று பெயர். நெடுங்காலம் அங்கே வாள் வித்தை அப்படித்தான் பயிலப்பட்டது. 1710-களில் நாகனுமா ஷிரோசாயெமோன் என்ற ஆசான் மூங்கில் வாளையும் முகக்காப்பையும் கைக்காப்பையும் சீர்படுத்தினார். 1751-க்கும் 1764-க்கும் இடைப்பட்ட காலத்தில் நாகனிஷி சூசோ என்பவர் அந்த முறையை மேலும் வளர்த்தார். இனி மாணவர்கள் முழு பலத்தோடு அடித்துக்கொள்ளலாம். மாலையில் முழுசாக வீடு திரும்பலாம்!

உடனே கிளம்பியது விவாதம். இது வித்தையா, விளையாட்டா? இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. கதா பயின்றவன் அடுத்த வெட்டு எங்கிருந்து வரும் என்று தெரிந்தே நின்றான். மூங்கில் பிடித்தவன் அது தெரியாமல் நின்றான். ஆனால் சாவுக்கு அஞ்சாமல் நின்றான். இன்றைய கெண்டோ இந்த மூங்கிலிலிருந்து வளர்ந்ததுதான்.

ஐரோப்பியர் வாட்போட்டிக்கு மின்சாரத்தை நடுவராக்கினார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் எப்பே என்ற வாளுக்கும், 1956 மெல்போர்னில் ஃபாயில் என்ற வாளுக்கும் அது வந்தது. முனை அழுந்தினால் விளக்கு எரியும். பிற்பாடு நடந்ததைக் கேளுங்கள். நேராகக் குத்த வேண்டிய ஃபாயிலைச் சாட்டைபோல் சொடுக்கி, எதிராளியின் முதுகில் முனையைத் தட்டிவிடும் தந்திரம் பரவியது. நிஜப் போரில் அதனால் சட்டைகூடக் கிழியாது; விளக்கு மட்டும் எரிந்தது! 2005-இல் முனை அழுந்தியிருக்க வேண்டிய நேரத்தை நீட்டி அதற்குக் கடிவாளம் போட்டார்கள். கருவி எதை எண்ணுகிறதோ அதையே கை கற்றுக்கொள்கிறது.

இந்த வரிசையில் புதிதாக வந்திருப்பதுதான் மருமான் வீட்டுக் கண்ணாடி. 2023 ஜூனில் சிங்கப்பூரில் நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தில் 'மெய்நிகர் டேக்வாண்டோ' ஒரு போட்டியாக இடம் பெற்றது. வீரர்கள் ஒருவரையொருவர் தொடுவதே இல்லை. கைகால்களில் கட்டிய கருவிகள் அசைவை அறிந்து சொல்ல, கண்ணாடிக்குள் அவர்களுடைய உருவங்கள் உதைத்துக்கொள்கின்றன. ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் மோதினார்கள். மெலிந்தவளும் முழங்கால் தேய்ந்தவனும் இனி அஞ்ச வேண்டியதில்லை. ஹாங்காங்கில் முதிய குங்ஃபூ ஆசான்களின் அசைவுகளை நுட்பமாகப் பதிந்து வைக்கும் பணி 2012-இல் தொடங்கியது. நம் அறையை மறைக்காமலே அதில் ஓர் உருவத்தை நிறுத்திக் காட்டும் கண்ணாடிகளும் வந்துவிட்டன. மறைந்த ஆசான் நாளை நம் வீட்டுக் கூடத்தில் வந்து நின்று அடவு காட்டலாம். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். 1882-இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த சிறு இடத்தில் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ. பழைய மல்வித்தையின் அபாயமான அடிகளைக் கதாவுக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கொண்டு இருவர் தாராளமாக மல்லாட வழி செய்தார். அவரும் ஆபத்தைக் குறைத்தவர்தான். ஆனால் எதிரே நிற்கும் மனிதரை அவர் அகற்றவில்லை. ஜூடோவில் ஒருவனைத் தூக்கி எறிகிறவன் அவனுடைய சட்டைக் கையை விடாமல் பிடித்திருப்பான். தலை தரையில் மோதாமல் இருப்பதற்காக. தோழன் தன் உடலை நம்மிடம் கடனாகக் கொடுத்திருக்கிறான். பழுதில்லாமல் திருப்பித் தர வேண்டும். தானும் பிறரும் சேர்ந்தே நலம் பெற வேண்டும் என்பதை 1922-இல் கானோ தம் கலையின் கொள்கைகளில் ஒன்றாகவே அறிவித்தார்.

கம்பத்தை அடித்தவனுக்கு இந்தப் பாடம் கிடைக்கவில்லை. கண்ணாடிக்குள் அடிப்பவனுக்கும் கிடைக்காது. வேகம் வரும், கண் கூர்மைப்படும், அடவு பிசகாது. ஆனால் ஓங்கிய கையை எங்கே நிறுத்த வேண்டும் என்பது, வலிக்கக்கூடிய ஒருவர் எதிரே நின்றால்தானே தெரியும்? அடிக்கத் தெரிந்தவனை நம்பி ஊர் தூங்குவது அவனுக்கு நிறுத்தவும் தெரியும் என்பதால் அல்லவா?

நேற்று மருமான் மறுபடி அழைத்தான். வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அலமாரியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொன்னேன்.