அரங்கின் முதற்பாட்டு



இந்திய வானொலி நிலையங்கள் காலையில் ஒலிபரப்பைத் தொடங்குமுன் ஒரு சிறு மெட்டை இசைத்து வந்ததை நம் வீடுகளில் பல தலைமுறையினர் கேட்டுள்ளனர். தம்புராவின் சுருதியும் பிடிலின் நாதமும் கலந்த அம்மெட்டை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்பர். இட்லரின் ஆட்சி பரவிய காலத்தில் ஐரோப்பாவை விட்டுப் பம்பாய்க்கு வந்து, அந்நகர வானொலியில் பணியாற்றிய யூத இசைப்புலவர் அவர். அந்த மெட்டைக் கேட்பதற்கென்றே வானொலியைத் திறந்தவர் எவரும் இரார். ஆயினும் அது ஒலித்த பின்னரே அன்றைய நாள் தொடங்கியதாக நமக்குத் தோன்றும். முதலில் ஒலிப்பது எது, அது செய்யும் வேலை யாது என்பதைப் பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன்.

கல்லூரியிற் பயிலும் இளைஞர்கள் மேனாட்டு ராக் இசைத்தட்டுக்களைப் பற்றி வாதிடுவதை நான் கேட்டிருக்கின்றேன். எந்தத் தட்டின் முதற்பாட்டு சிறந்தது என்பதே பெரும்பாலும் வழக்காயிருக்கும். இது வீண் வழக்கன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடம் அல்லது சற்று அதிகமாகத்தான் பாட இடம் இருந்தது. ஒரு பக்கத்திற்கு ஒரு பாட்டு என்றால் முதல் ஏது, முடிவு ஏது? 1948ஆம் ஆண்டில் நெடுநேரம் ஓடும் தட்டு அமெரிக்காவில் வெளிவந்த பிறகே, பல பாட்டுக்களை ஒரே இருக்கையில் கேட்கும் வழக்கமும், அவற்றை வரிசைப்படுத்தும் கவலையும் தோன்றின. 1965ஆம் ஆண்டில் பாப் டிலன் வெளியிட்ட தட்டொன்று ஒற்றை முரசடியோடு திறக்கின்றது. கதவை உதைத்துத் திறந்தாற்போல என்று சொல்லலாம். 1967ஆம் ஆண்டில் பீட்டில்ஸ் குழுவினர் வேறு வழி கண்டனர். 'சார்ஜண்ட் பெப்பர்' என்னும் அவர்களுடைய தட்டின் தொடக்கத்தில் வாத்தியங்களுக்குச் சுருதி கூட்டும் ஓசையும் அவையோரின் சலசலப்பும் கேட்கும். கற்பனையான ஒரு குழு தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். முதற்பாட்டு முடியும் இடம் தெரியாமலே இரண்டாவது பாட்டு பிறந்துவிடும். தட்டைத் திருப்பினால் மறுபக்கத்தின் தொடக்கம் நமக்கு இன்னும் வியப்பளிக்கும். இரவிசங்கரிடம் சித்தார் பயின்ற ஜார்ஜ் ஹாரிசன், தம்புராவும் தில்ரூபாவும் தபலாவும் முழங்க அதைத் தொடங்கி வைக்கின்றார்.

வீட்டில் தனியே அமர்ந்து கேட்பவனை ஓர் அரங்கினுள் அழைத்துச் செல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. நம் நாட்டிலோ அரங்கு முன்பே இருந்தது. அழைத்துச் செல்லும் முறையும் முன்பே இருந்தது. கடலூர், விழுப்புரம் பகுதியின் தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேடம் எதுவும் வெளியில் வருமுன் மத்தளமும் தாளமும் முகவீணையும் ஒருங்கே முழங்கும். இதனைக் களரி கட்டுதல் என்பர். அதுவரை வெறும் தெருமுனையாக இருந்த இடம் அந்த ஓசையால் ஆடுகளமாகின்றது. பக்கத்து ஊரார்க்கும் 'இன்று இங்கே கூத்து' என்ற செய்தி போய்விடும். அதன் பின்னரே திரைக்குப் பின்னிருந்து கட்டியக்காரன் வருவான். அரசனுக்கும் முன்னே வருபவன் அவன்தான் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். கூத்தறிந்தவர்கள் உயர்ந்த வேடத்தை முதலில் செலவழிப்பதில்லை.

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் நடராசப் பெருமான் தாமே தேரேறி வரும் நாளில் இதனினும் நுட்பமான ஒரு தொடக்கத்தைக் கேட்கலாம். மற்றத் தலங்களில் உற்சவத் திருமேனியே வெளிவரும். தில்லையிலோ மூலவரே வெளியில் எழுந்தருளுகின்றார். சுவாமி புறப்படும்போது நாகசுரக்காரர் முதலில் வாசிப்பது மல்லாரி. இராகம் கம்பீர நாட்டை. அதற்குப் பாட்டு இல்லை. பொருள் தரும் சொல் ஒன்றும் இல்லை. தவிலின் சொற்கட்டோடு பின்னிய சுரக்கோவை மட்டுமே உண்டு. அதையே விளம்பத்திலும், இரட்டித்தும், மேலும் விரைவுபடுத்தியும் மூன்று காலங்களில் வாசிப்பர். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தம் கொணர்வதற்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என வகைகளும் உள. கீழவீதியில் வீட்டினுள்ளே இருப்பவரும், எட்டிப் பாராமலே, சுவாமி புறப்பட்டாயிற்று என்று அறிந்துகொள்வர். அதன் பின்னர் வித்துவான் எந்த இராகத்தை எத்துணை நேரம் விரித்தாலும் தடையில்லை. முதலில் மட்டும் அவர் தம் விருப்பப்படி நடக்க இயலாது.

இனி இசைக்கச்சேரிக்கு வருவோம். நூறாண்டுகட்கு முன்னர்க் கச்சேரிகள் மிக நீண்டவை. ஓர் இராகத்தையும் ஒரு பல்லவியையும் மணிக்கணக்காக விரித்துப் பாடுவதே புலமைக்கு அடையாளமாக இருந்தது. இதனை மாற்றி, இன்று நாம் அறிந்த வரிசையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967). வர்ணம், விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், விரிவான உருப்படி, அளவான இராகம் தானம் பல்லவி, பின்னர்ச் சில்லறை உருப்படிகள், மங்களம் என்பது அவர் வகுத்த பந்தி. நல்ல விருந்தில் இலையில் எதனை முன்னர் இடுவது, எதனைப் பின்னர் இடுவது என்று அறிந்த ஒருவர் செய்த ஏற்பாடு போலவே அது தோன்றுகின்றது.

வர்ணத்தை முதலில் வைத்தது ஏன்? தொண்டையைப் பதப்படுத்தவே என்று பலர் கூறுவர். இக்கூற்று எனக்கு உடன்பாடன்று. பதப்படுத்துதல் வீட்டில் நடக்க வேண்டிய வேலை. வர்ணத்தின் அமைப்பை நோக்கினால் வேறு காரணம் புலப்படும். பல்லவி, அனுபல்லவி, முத்தாயி சுரம், சரணம், எத்துகட சுரங்கள் என்னும் உறுப்புக்களில் அந்த இராகத்தின் முக்கியமான பிடிகள் யாவும் அடங்கியிருக்கும். இதில் கற்பனைக்கு இடமில்லை. எல்லாம் முன்பே யாத்து வைத்தது. ஆதலால் பிடில் வாசிப்பவர் பின்தொடராமல் உடன்செல்கின்றார். மிருதங்கக்காரர் பாடகரின் நடையை அளந்துகொள்கின்றார். இரு காலங்களில் பாடும்போது அன்றைய கச்சேரியின் வேகம் முடிவாகிவிடுகின்றது. கேட்போர் செவியும் அன்றைய சுருதிக்குள் வந்துவிடுகின்றது. பச்சிமிரியம் ஆதியப்பையரின் பைரவி அடதாள வர்ணத்தைப் போன்ற கனமான வர்ணமாயின் ஓர் இராகத்தின் முழு உருவமும் சில நிமிடங்களில் நம் முன் நின்றுவிடும்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு எர்பார்ட்டு என்ற செர்மானிய அறிஞர் வழியினர் வகுத்த பாடப்படிகளைக் கற்பித்தனர். அவற்றுள் முதற்படி ஆயத்தம். மாணவன் முன்பே அறிந்ததைத் தட்டியெழுப்பிவிட்டுப் பின்னர்ப் புதியதைத் தொடங்கு என்பது அதன் கருத்து. ஆயத்தத்திலேயே மணி அடிக்கும்வரை கதை சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களும் உண்டு! அரை மணி நேரம் வர்ணத்தை நீட்டும் பாடகர்கள் இல்லாதது நம் நல்வினையே.

எதனை முதலில் வைப்பது என்பது சுவையைப் பற்றிய வினா மட்டுமன்று. மதிப்பைப் பற்றிய வினாவுமாகும். இதனை நம் மாவட்டத்துச் சிதம்பரமே நாட்டுக்கு உணர்த்திற்று.

தில்லை முதற்சொல் வழங்கும் ஊர் என்றே கூறலாம். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், பெரியபுராணம் பாடப் புகுந்த சேக்கிழாருக்கு 'உலகெலாம்' என்ற முதற்சொல் அம்பலத்தினின்றும் அசரீரியாகக் கிடைத்தது என்பது மரபு. பிற்காலத்தில் சீகாழியினின்று இங்கு வந்த முத்துத்தாண்டவரின் வரலாறும் இதனை ஒத்ததே. சிதம்பரம் சென்று, செவியில் விழும் முதற்சொல்லையே பாட்டின் முதலாகக் கொண்டு பாடுமாறு அம்மை அவரைப் பணித்தாள் என்பர். அவ்வாறே நாள்தோறும் அடியார் வாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டு பாடினாராம். கதை எவ்வாறாயினும் பாட்டுக்கள் நம்மிடம் உள்ளன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் தமிழ்க் கீர்த்தனைகளைத் திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முன்னரே இயற்றியவர் அவர். அவர் வழியில் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப்பிள்ளை (1712–1787), இராமநாடகம் பாடிய அருணாசலக் கவிராயர் (1711–1779) ஆகியோர் வந்தனர்.

இத்தகைய பாட்டுக்கள் கச்சேரியில் எங்கே இருந்தன? பெரும்பாலும் கடைசியில். முதலும் நடுவும் தெலுங்குக்கும் வடமொழிக்கும் உரியவாக, மிருதங்கத் தனியாவர்த்தனம் முடிந்து அவையோர் எழத் தொடங்கும் நேரத்தில் 'துக்கடா' என்ற பெயரில் தமிழ் வந்தது. இராசா அண்ணாமலைச் செட்டியார் 1929ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். 1941ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு அரங்குகளில் தமிழ்ப் பாடல்களே மிகுதியாகப் பாடப்பெற வேண்டும் என்ற குரல் அங்கே எழுந்தது. அதே ஆண்டு திசம்பரில் சென்னை வித்வத் சபையார், மொழி பற்றிய கருத்தால் கருநாடக இசையின் தரம் குறையலாகாது என்று தீர்மானம் செய்தனர். இராசாசி, கல்கி, டி. கே. சிதம்பரநாத முதலியார் ஆகியோர் தமிழிசையின் பக்கம் நின்றனர். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று.

சபையார் கூற்றில் ஒரு பகுதி உண்மை இருந்தது என்பதை மறைத்தல் வரலாறாகாது. உரிமை கேட்டால் மட்டும் போதுமா? முதலில் வைப்பதற்குரிய உருப்படி வேண்டும் அன்றோ? பழந்தமிழ்க் கீர்த்தனைகள் பலவற்றிற்கு மூல மெட்டு மறைந்து போயிருந்தது. தமிழில் வர்ணங்களோ மிகச் சிலவே. இக்குறையைப் பேச்சினால் தீர்க்க முடியாது. பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த தஞ்சை பொன்னையா பிள்ளை முதலிய புலவர்கள் பழம்பாடல்களுக்குச் சுரப்படுத்தினர். பல்கலைக்கழகம் அவற்றை நூல்களாக வெளியிட்டது. பாபநாசம் சிவன் தமிழிற் கீர்த்தனைகளோடு வர்ணங்களும் செய்தார். பின்னர் லால்குடி செயராமன் தமிழ் வர்ணங்களும் இயற்றினார். அருணாசலக் கவியின் பாடல்களுக்கு மெட்டமைத்து மேடையேற்றியவர்களுள், வரிசையை வகுத்த அந்த அரியக்குடியாரும் ஒருவர்.

இசை பயிலும் சிறுவர் முதலிற் கற்கும் வர்ணங்களுள் ஒன்று, அரியக்குடியாரின் ஆசானாகிய இராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்கார் (1860–1919) மோகன இராகத்தில் இயற்றிய தெலுங்கு வர்ணம். அழகிய வர்ணம், அதனை எவரும் விலக்க வேண்டியதில்லை. அதனை அடுத்துக் கற்கத் தமிழ் வர்ணமொன்று உண்டா என்று உங்கள் இசையாசிரியரைக் கேளுங்கள். இன்று அவரால் உண்டு என்று விடை கூற இயலும். 1941இல் அவ்வளவு எளிதில் கூறியிருக்க இயலாது.