ஆக்சிலரேட்டர் கேபிள்

மோட்டார் சைக்கிளின் வலக் கைப்பிடி முறுக்கத்தைக் கார்புரேட்டருக்கு, புதிய வண்டிகளில் திராட்டில் பாடிக்கு, கொண்டு செல்லும் இழுவைக் கம்பி. உறைக்குள் ஓடும் இந்தக் கம்பி வகைக்கு எர்னஸ்ட் பௌடன் 1896இல் காப்புரிமை பெற்றார். முறுக்கேற்றிய எஃகு இழைகள் உள்ளே. சுருள் எஃகு உறை வெளியே.

இழைகள் பெரும்பாலும் முனைக் குமிழுக்கு அருகில்தான் பிரியத் தொடங்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது; பற்றவைத்து ஓட்டுவது பொய்ச் சிக்கனம்.

பழைய கேபிள் சென்ற வழியைக் கழற்றும் முன் படமெடுத்துக்கொண்டால் புதியதைக் குழப்பமின்றிப் பொருத்தலாம். பிஸ்டன் வகைக் கார்புரேட்டரில் மூடியைத் திருகி எடுத்து, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக் குமிழை விடுவிக்க வேண்டும். திரும்பப் போடும்போது பிஸ்டனின் காடி கார்புரேட்டர் உள்முளையில் சரியாக அமர வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பிஸ்டன் அமராவிட்டால் மூடியை வலிந்து திருகக் கூடாது.

உயவுக்கு மெல்லிய எண்ணெயை மேல்முனையில் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழ்முனையில் கசியும் வரை காத்திருக்கலாம். கெட்டி கிரீஸ் தூசியைப் பிடித்து இறுகும். உட்புறம் டெஃப்ளான் பூசிய கேபிளுக்குப் பொதுவாக எண்ணெயே வேண்டாம்.

கைப்பிடி விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வெற்றசைவு பல வண்டிகளின் கையேட்டு அளவு. முறுக்கிவிட்டால் பிடி தானே சட்டென்று திரும்ப வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பினால் வேகம் ஏறக் கூடாது; ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது.