ஜாம்பி: உயர்திணையா, அஃறிணையா?

ஹைதி நாட்டு வழக்கில் ‘ஜாம்பி’ என்பது ஊனுண்ணியைக் குறிக்கவில்லை. இறந்த பின்னும் பிறர் ஏவலில் உழைக்கும், தன்னினைவற்ற அடிமையையே குறித்தது. ஊனுண்ணும் கூட்டம் என்னும் பொருள் ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்குப் பின்னரே நிலைபெற்றது.

இக்கருத்து இந்திய மொழிகளுக்கு வந்தபோது பெயரிடுதலோடு திணைச் சிக்கலும் எழுந்தது. தமிழில் 2016இல் வெளிவந்த ‘மிருதன்’ என்னும் படப்பெயர் மிருகம், மனிதன் ஆகிய சொற்களின் கலப்பு. பொருளில் விலங்கு கலந்தாலும் ‘அன்’ ஈறு அதனை உயர்திணையில் நிறுத்துகிறது. ஐதராபாத்தை மையமாகக் கொண்ட தெலுங்குத் திரையுலகில் பிரசாந்த் வர்மா இயக்கிய ‘ஜாம்பி ரெட்டி’ (2021) கடன்சொல்லை மாற்றாமல் மக்கட்பெயர் ஒன்றை அதனோடு இணைத்தது. நாம் வழங்கிவரும் ‘நடைப்பிணம்’ இரக்கம் தோய்ந்த சொல், ஆயினும் அஃறிணை.

கிரேஸ் லீயின் ‘அமெரிக்கன் ஜாம்பி’ (2007) என்னும் போலி ஆவணப்படத்தில் ஜாம்பிகள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட சிறுபான்மையினராக நேர்காணலில் பேசுகின்றனர். ஆங்கிலத்தின் படர்க்கைப் பன்மைப் பெயர் இரு திணைக்கும் பொது. தமிழில் பெயர்ப்பவரோ முதல் வரியிலேயே ‘அவர்கள்’ அல்லது ‘அவை’ எனத் துணிதல் வேண்டும். ‘அவை’ எனின், அவர்தம் வழக்கு தொடங்குமுன்பே தோற்றுவிடும். நரகரையும் உயர்திணையுள் அடக்கிய நன்னூலார் நெறி இங்கு ‘அவர்கள்’ என்பதற்கே துணைநிற்கிறது.