நெடுமங்காட்டுக்குப் போகும் சாலை

கேரள மாநில நெடுஞ்சாலைகளின் பட்டியலை எப்போதாவது புரட்டியிருக்கிறீர்களா? இருக்க மாட்டீர்கள். யாருக்கு அதற்கெல்லாம் நேரம்! அதில் மூன்றாம் எண் சாலையின் பெயர் 'நெடுமங்காடு - சொர்லக்கோடு சாலை'. நெடுமங்காடு தெரியும். திருவனந்தபுரத்துக்கு வடகிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். சொர்லக்கோடு? கேரளம் முழுக்கச் சல்லடை போட்டாலும் கிடைக்காது. அது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துச் சுருளகோடு!

இந்தப் பக்கம் வந்தால் கதை இன்னும் வேடிக்கை. எல்லைக்கு இப்பால் வரும் பாதைக்கு நம் நெடுஞ்சாலைத் துறையின் பெயர் 'ஆரல்வாய்மொழி - நெடுமங்காடு சாலை'. தமிழ்நாட்டில் நெடுமங்காடு ஏது? இரண்டு மாநிலமும் தன் வீட்டுச் சாலைக்கு அடுத்த வீட்டு ஊரின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது. எந்தக் குமாஸ்தாவும் கைதவறி எழுதியதல்ல இது. இரண்டு ஊரும் திருவிதாங்கூர் என்ற ஒரே ராஜ்யத்தில் இருந்த காலத்தின் மிச்சம்.

வாருங்கள், ஆரல்வாய்மொழியில் பஸ் ஏறுவோம். ஜன்னலோரமாக உட்காருங்கள், காற்று பிய்த்துக்கொண்டு போகும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் விழுந்த இடைவெளி இது. பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதற்குக் காரணம் இந்தக் கணவாய்தான். இன்று மின்சாரம் எடுக்கும் இதே வாசலைத்தான் அன்று திருவிதாங்கூர் கோட்டைச் சுவர் எழுப்பிக் காத்தது. 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துக் கிளம்பியபோது, கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் வந்த கம்பெனிப் படை இந்த அரணைத்தான் முதலில் பிடித்தது. வாசல் போனதும், உள்ளே நாகர்கோவிலும் பத்மநாபபுரமும் நெடுநாள் தாங்கவில்லை. அதற்குப் பிறகும் கணவாயில் சுங்கச் சாவடி இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சரக்கு கொண்டுவந்தால் தீர்வை கட்ட வேண்டும். 1865-ல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது.

ஆக, இந்த மாவட்டத்துக்காரனுக்கு அந்நிய எல்லை கிழக்கே இருந்தது. மேற்கே நெடுமங்காடு வரை சொந்த ஊர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பஸ் செண்பகராமன்புதூர் தாண்டிப் பூதப்பாண்டிக்கு வருகிறது. தோவாளை தாலுகாவின் தலைமையிடம். 1907-ல் ஜீவானந்தம் பிறந்த ஊர் என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். இதுவரை இருபுறமும் வயல், குளம், தென்னை என்று அசல் நாஞ்சில் நாடு. அழகியபாண்டியபுரம் தாண்டியதும் காட்சி மெதுவாக மாறுகிறது. வயல் ஒதுங்கி ரப்பர் வருகிறது. விடியற்காலை பால் வெட்டு, மரத்தில் கட்டிய சிரட்டை, முற்றத்துக் கொடியில் துணி மாதிரி காயும் ஷீட்டு... பேச்சும் மாறிவிடும். பின்சீட்டில் இருப்பவர் பேசுவது தமிழா மலையாளமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் இறங்கிப் போயிருப்பார்.

அடுத்து சுருளகோடு. நெடுமங்காட்டுக்காரர்கள் சாலைப் பெயரில் இன்னமும் சுமந்துகொண்டிருக்கும் ஊர். பெயருக்குத் தகுந்த ஆர்ப்பாட்டம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அப்புறம் குலசேகரம், அருமனை, கடைசியில் பனச்சமூடு. அங்கே தமிழ்நாடு முடிந்துவிடுகிறது.

ஏன் அங்கே முடிகிறது?

மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது ஒன்பது தாலுகாக்கள். பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெய்யாற்றின்கரையும் அதில் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் தொடுவட்டியிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையை, அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே ராஜினாமா செய்யச் சொன்னார். தாணுப்பிள்ளை செய்யவில்லை. மறு ஆண்டு மாநில மறுசீரமைப்பு ஆணையம் தாலுகாவை அலகாக வைத்து, எங்கே எந்த மொழிக்காரர் அதிகம் என்று கணக்குப் பார்த்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. தாலுகா எல்லைக் கோடு ராத்திரியோடு ராத்திரியாக மாநில எல்லையாயிற்று.

அதனால் சாலைக்குப் பெரிய நஷ்டமில்லை. போர்டில் எழுத்து மாறியது, அம்புட்டுதான். நஷ்டம் வேறிடத்தில்.

எல்லை தாண்டி வெள்ளறடை வழியாகப் போனால் கள்ளிக்காடு வரும். அங்கே நெய்யாறு அணை. வேலை ஆரம்பித்தபோது திருவிதாங்கூர் - கொச்சி ராஜ்யம். நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் பக்கத்துப் பக்கத்துத் தாலுகாக்கள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் திட்டம் போட்டார்கள். அணை 1958-ல் முடியும்போது நடுவில் எல்லை வந்துவிட்டது. ஆனாலும் இடதுகரைக் கால்வாய் எல்லை தாண்டி வந்து விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குப் பாய்ந்தது. 2004-ல் கேரளம் நிறுத்தியது. நெய்யாறு எங்கள் மண்ணிலேயே பிறந்து எங்கள் கடலில் சேரும் ஆறு என்பது அவர்கள் கட்சி. நீர்ப்பிடிப்பில் எங்கள் காடும் இருக்கிறது, எங்கள் வயலையும் கணக்கில் வைத்துத்தானே அணை கட்டினீர்கள் என்பது நம் கட்சி. 2012-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எனக்கு இதில் நம் பக்க நியாயமே பெரிதாகப் படுகிறது. கோடு போடுவதற்கு முன்பே ஒப்புக்கொண்ட தண்ணீர் அல்லவா?

பனச்சமூட்டு டீக்கடையில் ஒரு பெரியவர் அகப்பட்டார், விளவங்கோட்டு விவசாயி. சாலைப் பெயரைச் சொல்லி, "நெடுமங்காட்டுக்கு இன்னமும் போக்குவரத்து உண்டா?" என்று கேட்டேன். வாயில் வெற்றிலை. துப்பிவிட்டு வந்து சொன்னார்: "ரோடு கெடக்குது, பஸ்ஸு ஓடுது, பெண்ணு கொடுக்கல் வாங்கலும் உண்டு. வெள்ளம்தான் வரல்ல பிள்ளே."

தண்ணீரைத்தான் அந்தப் பக்கத்தில் வெள்ளம் என்பார்கள்.