நின்ற இடத்தில் நிற்கும் கப்பல்

 

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் நடந்து வந்தேன். கல்வெட்டைப் பார்க்க வந்த கூட்டத்திலிருந்து ஒருவன் "சார்" என்று ஓடிவந்தான். 1998ல் பத்தாம் வகுப்பு முடித்த பையன். இப்போது மும்பைக்கு அப்பால் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் சப்ளை கப்பலில் அதிகாரி. லீவில் வந்திருக்கிறான். என்னப்பா வேலை என்று கேட்டேன். "நிக்கிறதுதான் சார் வேலை. ஓட்டுறதுக்கு நிறைய பேர் இருக்காங்க. அலையில நிக்கிறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்" என்றான்.

முப்பது வருடம் குடவோலை முறையையே பாடம் நடத்தியவன் நான். நம் ஊரில் ஏரி உண்டு, செய்யாறு உண்டு, கடல் கிடையாது. ஆனால் அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. இரண்டு வாரம் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பகுதி தூக்கத்தைக் கெடுத்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சப்ளை கப்பல் ஏன் நிற்க வேண்டும்? நடுக்கடலில் இரும்புக் கால்களில் நிற்கும் எண்ணெய் மேடைக்கு டீசல், குடிநீர், சிமெண்ட், துளையிடும் குழாய், அரிசி, காய்கறி எல்லாம் கப்பலில்தான் போகும். மேடையில் உள்ள கிரேன் கொக்கியை இறக்கி அவற்றைத் தூக்கும். அடியில் குழாய்கள் ஓடுவதால் கண்ட இடத்தில் நங்கூரம் போட முடியாது. அலை தூக்கிப்போடும்போது மேடையோடு ஒட்டிக் கட்டிவைக்கவும் முடியாது. சில மீட்டர் தள்ளி, தொடாமலும் விலகாமலும் மணிக்கணக்கில் நிற்க வேண்டும்.

சாதாரணக் கப்பலுக்கு இது வராது. பின்னால் ஒரு விசிறி, அதற்குப் பின்னால் சுக்கான். சுக்கானில் தண்ணீர் வேகமாகப் பட்டால்தான் கப்பல் திரும்பும். நிற்கிற சைக்கிளில் ஹேண்டில்பாரைத் திருப்பினால் சைக்கிள் எங்கேயாவது போகுமா? அதே கதைதான்.

ஒகேனக்கல் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகளுக்குப் பரிசல்காரரை ஞாபகம் இருக்கும். பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, சுக்கானும் கிடையாது. ஒரே துடுப்பு. அதை எந்தப் பக்கம் போட்டு இழுக்கிறாரோ அந்தப் பக்கம் போகும். சுழலுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைத்து நம்மைக் கத்தவைப்பார். அந்தத் துடுப்பை இரும்பில் செய்யத்தான் ஐரோப்பாவில் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

முதல் வெற்றி எர்ன்ஸ்ட் ஷ்னைடர் என்ற ஆஸ்திரியப் பொறியாளருடையது. 1920களில் ஃபாய்த் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் செய்த அமைப்பில், கப்பலின் அடியில் ஒரு வட்டத்தட்டு சுழலும். அதிலிருந்து கத்திபோன்ற இலைகள் செங்குத்தாகத் தண்ணீருக்குள் தொங்கும். கும்மி அடிக்கும் பெண்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொருவரும் உடம்பைத் திருப்பிக்கொள்வார்களே, அதுபோல ஒவ்வொரு இலையும் சுற்றும்போதே தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். அந்தக் கோணத்தை மாற்றினால் கப்பல் முன்னே, பின்னே, பக்கவாட்டில் எங்கே வேண்டுமானாலும் தள்ளும். 1928ல் ஒரு சோதனைப் படகில் இது ஓடிக் காட்டியது. துறைமுக இழுவைப் படகுகளில் நீண்ட காலம் இருந்துவிட்டு, பிற்பாடு நார்வேக்காரர்களின் சப்ளை கப்பல்களுக்கும் வந்தது. தள்ளும் திசையைக் கண நேரத்தில் மாற்றுவதால், கப்பல் நின்றுகொண்டிருக்கும்போதே அதன் ஆட்டத்தையும் குறைக்கிறதாம். வட கடல் குளிர்கால அலையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது பெரிய வரம்.

இன்னொரு வழி 1950 வாக்கில் ஜெர்மனியில் ஜோசப் பெக்கர் என்பவர் செய்தது. விசிறியையே ஒரு தண்டின் அடியில் மாட்டி, தண்டை 360 டிகிரியும் திருப்புவது. அசிமுத் த்ரஸ்டர் என்கிறார்கள். இன்று பல சப்ளை கப்பல்களில் இருப்பது இந்த வகைதான்.

கப்பலின் உருவம் வந்தது அமெரிக்காவில். 1955ல் மெக்சிகோ வளைகுடாவில் இறங்கிய 'எப் டைட்' என்ற கப்பலில் மாலுமி அறையை முன்பக்கமே ஒதுக்கிவிட்டு, பின்னால் முழுவதும் தட்டையான தளமாக விட்டார்கள். நம்ம ஊர் லாரி மாதிரி. இன்றும் சப்ளை கப்பலுக்கு அதே முகம்தான். 1961ல் 'கஸ் 1' என்ற துளையிடும் கப்பலில் நாலு மூலையிலும் நாலு விசிறி மாட்டி, சுற்றிலும் மிதவைகள் போட்டு, அவற்றைப் பார்த்துப் பார்த்து ஒரு ஆள் கையாலேயே திருகி, மூன்றரைக் கிலோமீட்டர் ஆழக் கடலில் நங்கூரம் இல்லாமல் நிறுத்திக் காட்டினார்கள். அதே வருடமே 'யுரேகா' என்ற கப்பலில் அந்த வேலையை இயந்திரமே பார்க்க ஆரம்பித்தது. இன்று செயற்கைக்கோள், காற்றுமானி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கணினி ஒவ்வொரு விசிறிக்கும் உத்தரவு போடுகிறது.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 1974 பிப்ரவரி 19 அன்று 'சாகர் சாம்ராட்' துளையிட்ட கிணற்றில் எண்ணெய் தென்பட்டது. பாம்பே ஹை. 1976ல் உற்பத்தி தொடங்கியது. மும்பையிலிருந்து மேற்கே சுமார் 160 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை நேராக வந்து அறையும் இடம்.

2005 ஜூலை 26. மும்பை வெள்ளம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதற்கு மறுநாள் கடலில் நடந்ததை அந்த வெள்ளச் செய்தி மூழ்கடித்துவிட்டது. வரலாற்று வாத்தியார் எனக்கே சரியாகத் தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

'சமுத்ரா சுரக்ஷா' என்பது ஓஎன்ஜிசியின் 100 மீட்டர் நீளப் பல்நோக்குத் துணைக்கப்பல். ஆழ்கடல் மூழ்காளர்கள் அதிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். 27ஆம் தேதி அதன் சமையல்காரர் ஒருவருக்கு அடுப்படியில் இரண்டு விரல் நுனி துண்டானது. மோசமான வானிலையால் கரையிலிருந்து ஹெலிகாப்டர் வர முடியவில்லை. மும்பை ஹை நார்த் மேடைத் தொகுதியில் வைத்திய வசதி உண்டு. அங்கே கொண்டுபோய், கிரேனில் கட்டிய கூடையில் ஏற்றிவிடலாம் என்று முடிவு.

காற்று மறைவான பக்கத்துக் கிரேன் அன்று வேலை செய்யவில்லை. எனவே காற்று அடிக்கிற பக்கமாகப் போனார்கள். இது சின்ன விஷயம் இல்லை. மறைவுப் பக்கத்தில் நிற்கும்போது இயந்திரம் நின்றுபோனால், காற்றும் அலையும் கப்பலை மேடையை விட்டு விலக்கிக்கொண்டு போகும். காற்றுமுகத்தில் நின்றுபோனால் மேடை மீதே கொண்டு மோதும்.

அதோடு கப்பலின் வலப்பக்க அசிமுத் த்ரஸ்டரில் 'பிட்ச்' கோளாறு. வீட்டு மின்விசிறி இறக்கை சாய்வாக இருப்பதால்தான் காற்று வருகிறது. சாய்வே இல்லாவிட்டால் சுற்றும், காற்று வராது. எதிர்ச்சாய்வு என்றால் காற்று மேலே போகும். இப்படிப்பட்ட கப்பல்களில் விசிறியின் வேகத்தை மாற்றுவதைவிட இறக்கையின் சாய்வை மாற்றித்தான் தள்ளும் விசையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அந்தச் சாய்வு சொன்னபேச்சைக் கேட்காவிட்டால் பரிசல்காரர் கையில் துடுப்பு உடைந்த மாதிரி. கப்பலைக் கையாலேயே இயக்கித்தான் மேடையை நெருங்கினார்கள்.

சமையல்காரரை ஏற்றியாகிவிட்டது. கப்பல் விலகும் நேரத்தில் அலை தள்ளியது. மாலை 4 மணி சுமாருக்குக் கப்பலின் ஹெலிகாப்டர் தளம் மேடையின் ரைசர் குழாய்களில் மோதியது. கடலடியிலிருந்து எண்ணெயும் வாயுவும் மேலே ஏறிவரும் குழாய்கள் அவை. முன்னால் தடுப்புச் சட்டங்கள் இருந்தன. ஆனால் அவை சிறிய சப்ளை கப்பல்களை மனதில் வைத்துச் செய்தவை. வாயு கசிந்து பற்றிக்கொண்டது. இரண்டு மணி நேரத்தில் ஏழு மாடி உயர மேடை உருகிக் கடலுக்குள் விழுந்தது. மேடைகளிலும் பக்கத்துத் துளைமேடையிலும் கப்பலிலுமாக 384 பேர். கடற்படையும் கடலோரக் காவல்படையும் மற்றக் கப்பல்களும் 362 பேரைக் காப்பாற்றினார்கள். 22 பேர் போய்விட்டார்கள். பாதிப் பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

எரிந்துகொண்டிருந்த கப்பலில் ஆறு மூழ்காளர்கள் அழுத்த அறைக்குள் இருந்தார்கள். ஆழக்கடல் அழுத்தத்திலேயே வைத்திருக்கும் அறை அது. கதவைத் திறந்து வெளியே ஓடினால் உடனே சாவு. மற்றவர்கள் கப்பலை விட்டுப் போனபிறகு, தீயைக் கேட்டுக்கொண்டே உள்ளே சுமார் 36 மணி நேரம் காத்திருந்து உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 1 அன்று இழுத்துவரும் வழியில் கப்பல் மூழ்கியது.

அந்தக் கேப்டனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிபட்ட மனிதரைக் காப்பாற்றப் போனவர் அவர். ஆனால் கோளாறு முன்பே தெரியும், கிரேன் வேலை செய்யாததும் தெரியும், அலையும் கண்ணெதிரே தெரிந்தது. மூன்றையும் ஒன்றாக வைத்து யாராவது 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாமே என்று அடித்துக்கொள்கிறது. 2008ல் கடல்சார் எண்ணெய்ப் பணிகளுக்கென்று தனிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். இப்போதும் காற்றுமுகத்தில் போய் நிற்பீர்களா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. "மேடைக்கு 500 மீட்டருக்கு வெளியிலேயே நிறுத்திடுவோம் சார். ஒவ்வொரு த்ரஸ்டரா எல்லாப் பக்கமும் திருப்பிப் பாத்து, பட்டியல்ல கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள போக முடியும். எஞ்சின் செத்தா எந்தப் பக்கம் மிதப்போம்னு மொதல்ல பாப்போம். ஒண்ணு சரியில்லன்னாலும் திரும்பிடுவோம்" என்றான். மேடைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா என்றேன்.

"கோவிச்சுக்குவாங்க சார். போன ஆடியில ரெண்டு நாள் வெளியவே நின்னோம். அவங்களுக்குக் காய்கறி தீர்ந்துபோச்சு."